மேசையைச் சுற்றி நால்வர்: கொழும்பில் ஒரு தமிழ்ப் பகிடி நிகழ்ச்சிக்கு எந்த வடிவம் பொருந்தும்?

கொழும்பில் தமிழில் பகிடி செய்கிறவர்கள் இப்போது ஒருவரையொருவர் ஓரளவு அறிந்திருக்கிறார்கள். மேடையில் தனியாக நின்று கதைக்கிறவர்கள், கைபேசியில் சின்னச் சின்னக் காணொளி எடுத்துப் போடுகிறவர்கள், வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறவர்கள், பாடசாலை நாடகப் போட்டிகளிலிருந்து வந்தவர்கள் என்று பல வகை. இவர்களில் நாலு பேர் வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தால் போதும், அரை மணித்தியாலத்துக்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "நாங்கள் இப்பிடிக் கதைக்கிறதையே ஒரு நிகழ்ச்சியாச் செய்தால் என்ன?"

தாராளமாகச் செய்யலாம். ஆனால் எந்த வடிவத்தில் என்பதை முதலில் முடிவெடுக்க வேண்டும். ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் என்னுடைய தொழில் என்பதால் இப்படியான குழுக்கள் என்னிடம் வருவதுண்டு. பெரும்பாலும் எந்தக் கமரா நல்லது என்றுதான் கேட்பார்கள். யார் யாரோடு, எதைப் பிடித்துக்கொண்டு கதைக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மண்டபம், கமரா, ஆட்கள், செலவு எல்லாம் தானாகவே ஒழுங்குக்கு வரும்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரதி எதுவும் எழுதாமல், ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதைக்கிற வடிவத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். பட்டிமண்டபம், வினாவிடை, இருவர் நேர்காணல் மூன்றும் அதைவிடச் சுலபம். அவற்றின் நல்லது கெட்டதையும் சொல்லிவிட்டு, ஏன் கடினமானதை எடுக்கச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

மேசை வடிவம் எப்படி வேலை செய்கிறது

இதற்கு நல்ல உதாரணம் பிரித்தானியாவில் டேவ் அலைவரிசையில் 2014இல் தொடங்கிய 'அலன் டேவிஸ்: ஆஸ் யெட் அன்டைட்டில்ட்'. பெயரின் பொருள் 'இன்னும் தலைப்பிடாதது'. நகைச்சுவைக் கலைஞரான அலன் டேவிஸ் ஒரு வட்ட மேசையில் இருப்பார். அவரோடு நான்கு விருந்தினர்கள், பெரும்பாலும் நகைச்சுவைக் கலைஞர்கள். பிரதி இல்லை, விளையாட்டு இல்லை, புள்ளி இல்லை, புதுப் படத்துக்கோ புத்தகத்துக்கோ விளம்பரம் செய்கிற கட்டாயமும் இல்லை. ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்வார். அது இன்னொருவருக்கு வேறொன்றை நினைவூட்டும். பேச்சு எங்கோ போய் எங்கோ திரும்பும். கடைசியில், அன்றைய கதையில் விழுந்த சொற்களிலிருந்து அந்தப் பகுதிக்கு ஒரு தலைப்பை எல்லோருமாகத் தேர்ந்தெடுப்பார்கள். அதோடு நிகழ்ச்சி முடியும்.

அந்தத் தலைப்பு வேலையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரதி இல்லாத பேச்சுக்கு உள்ள பெரிய ஆபத்து, அதை எங்கே நிறுத்துவதென்று யாருக்கும் தெரியாமல் இருப்பது. பேச்சு இளைத்துக்கொண்டே போய், தொகுப்பாளர் "சரி, நேரமாச்சு" என்று சொல்லி முடித்தால் பார்க்கிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். கடைசியில் தலைப்புத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தால் அதுவே ஒரு முடிவைக் கொடுத்துவிடும். அது மட்டுமல்ல. மற்றவர் சொன்ன எந்தச் சொல் தலைப்பாகலாம் என்ற எண்ணம் மனதில் ஓடிக்கொண்டிருப்பதால், ஒவ்வொருவரும் தன் முறைக்காகக் காத்திருக்காமல் அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுக்கிறார்கள். பகிடிக்காரர்களை ஒன்றாக இருத்தினால் முதலில் காணாமல் போவது இந்தக் காது கொடுத்தல்தான். அதை எந்த விதியும் போடாமல் திரும்பக் கொண்டுவருகிறது இந்த ஏற்பாடு.

இந்த வடிவத்துக்கு உறவினர்கள் பலர். அமெரிக்காவில் ஜோன் ஃபாவ்ரோ 2001 முதல் 2005 வரை நடத்திய 'டின்னர் ஃபோர் ஃபைவ்' ஓர் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டே நடந்தது. எச்பிஓ 2011இல் காட்டிய 'டோக்கிங் ஃபன்னி'யில் ரிக்கி ஜெர்வேஸ், ஜெரி சைன்ஃபெல்ட், கிறிஸ் ரொக் உட்பட நான்கு பேர் ஓர் அறையில் இருந்து பகிடித் தொழிலைப் பற்றிக் கதைத்தார்கள். தொழில் செய்கிறவர்களுக்கு அது பெரிய பாடம். இங்கே அதைப் பின்பற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். எங்கள் ஆட்கள் "மேடையில பகிடி எடுபடாட்டி என்ன செய்வாய்" என்று தொழில் கதை கதைக்கத் தொடங்கினால், அதைக் கேட்கக் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிற அக்காவுக்கு எந்தக் காரணமும் இல்லை. அவருக்கு வேண்டியது ஆட்களுடைய வாழ்க்கை.

பட்டிமண்டபம்

நமக்கு மிகவும் பழக்கமான வடிவம் இது. கொழும்புத் தமிழர் காசு கொடுக்காமலும் கொடுத்தும் மண்டபம் நிறைக்கிற ஒரே பேச்சு வடிவம் என்றுகூடச் சொல்லலாம். 1980இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிப் பின்னர் கொழும்பிலும் வேர்விட்ட கம்பன் கழகத்தின் விழாக்களில் பட்டிமண்டபமும் வழக்காடு மன்றமும் நடக்கிற நாளில் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் நேரத்துக்குப் போகாதவருக்கு இருக்கை கிடைப்பது கஷ்டம். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலும் இந்த மரபு உண்டு. தமிழகத்தில் குன்றக்குடி அடிகளார் மக்களிடம் கொண்டுபோனதைச் சாலமன் பாப்பையா தொலைக்காட்சிக்குக் கொண்டுபோய்ப் பண்டிகைக் காலைகளின் பகுதியாகவே ஆக்கினார்.

ஆகவே ஒரு குழு பகிடிப் பட்டிமண்டபம் செய்யலாம் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. வடிவத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தலைப்பு இருக்கிறது, இரண்டு அணி இருக்கிறது, நடுவர் இருக்கிறார், மணி இருக்கிறது. பேச்சாளர்கள் எல்லோரும் சபையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இரண்டு கமராவால் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார் என்பதால் ஒலிப்பதிவும் இலகு. எடிட்டிங் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பணக் கணக்கு மட்டும் பார்த்தால் இதுதான் வெல்லும்.

ஆனால் பட்டிமண்டபத்தில் ஒருவர் சொல்வது அவருடைய சொந்தக் கதை இல்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட அணியின் கதை. "திருமணத்துக்குப் பின் மகிழ்ச்சி கூடுகிறதா குறைகிறதா" என்று தலைப்பு வந்தவுடன், இரண்டு அணியும் என்ன சொல்லப் போகின்றன என்று சபைக்கு முன்கூட்டியே தெரியும். மனைவியைப் பற்றிய பகிடி வரும், மாமியார் வருவார், நடுவர் நடுநிலை சொல்வார். நன்றாகச் செய்கிறவர்கள் அதற்குள்ளும் புதிதாக ஒன்றைக் கொண்டுவருவார்கள், அதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் அது ஆயத்தம் செய்த உரை. ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் மனம் மாறுவதற்கு அங்கே இடமில்லை, மாறினால் அணி தோற்றுவிடும். கலகலப்பான மாலை ஒன்று வேண்டுமென்றால் பட்டிமண்டபம் போதும். ஆட்களை அறிய வேண்டுமென்றால் அதில் நடக்காது.

வினாவிடை

அலன் டேவிஸ் இருக்கிற இன்னொரு நிகழ்ச்சி பிபிசியின் 'கியூஐ' என்கிற பகிடி வினாவிடை. 2003இல் ஸ்டீவன் ஃப்ரை தொகுப்பாளராகத் தொடங்கியது, 2016 முதல் சாண்டி டொக்ஸ்விக். அலன் டேவிஸ் ஆரம்பத்திலிருந்தே நிரந்தரப் பங்காளர். பதில் சரியா என்பதைவிடச் சுவாரசியமா என்பதற்குத்தான் அங்கே மதிப்பு. எல்லோரும் உண்மையென்று நம்புகிற பிழையான பதிலைச் சொன்னால் சங்கு ஊதிப் புள்ளியைக் குறைப்பார்கள்.

கூச்சமுள்ள ஆட்களுக்கு இது நல்லது. கேள்வி ஒன்று கையில் இருந்தால் வாய் திறப்பது சுலபம். மரதன்கடவல எங்கே, வட்டிலப்பத்துக்குள் என்ன போகிறது, புறக்கோட்டையில் ஒரு தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று இந்த நாட்டுக்கே உரிய கேள்விகளால் ஒரு முழுத் தொடர் செய்யலாம். ஆனால் கேள்வியை எழுதுவதற்கு ஆள் வேண்டும். கியூஐயின் பின்னால் ஓர் ஆய்வுக் குழு வருடம் முழுவதும் வேலை செய்கிறது. இங்கே நாலு நண்பர்கள் இரவு வேலை முடிந்து வந்து, சரிபார்த்த கேள்விகளை வாரா வாரம் தயாரிப்பது எத்தனை வாரத்துக்கு ஓடும்? பிழையான தகவல் ஒன்று போனால், அடுத்த நாள் பார்ப்பவர்கள் அதை மட்டும்தான் கதைப்பார்கள்.

இருவர் நேர்காணலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒருவர் கேட்க ஒருவர் சொல்கிற இந்த வகையில் இங்கே தமிழில் ஏற்கெனவே நிறைய வருகிறது. செலவு மிகக் குறைவு, ஆளைத் தேடிப் போய் அவர் வீட்டிலேயே எடுக்கலாம். ஜெரி சைன்ஃபெல்ட் 2012இல் தொடங்கிய நிகழ்ச்சியில் பகிடிக்காரர் ஒருவரைக் காரில் ஏற்றிக் கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போய்க் கதைத்ததும் அடிப்படையில் இதுதான். சிக்கல் என்னவென்றால், கேட்கிறவர் ரசிகராகிவிடுவார், சொல்கிறவர் பெரியவராகிவிடுவார். அங்கே மரியாதை இருக்கும், பகிடி மெலிந்துவிடும். பிரித்தானியாவில் 'ஹூஸ் லைன் இஸ் இட் எனிவே' மாதிரி அந்தந்த நேரத்தில் கற்பனை செய்து நடிக்கிற விளையாட்டுகளும் உண்டு. அதற்கு நீண்ட நாள் பயிற்சி பெற்ற நடிகர்கள் தேவை. அப்படி ஒரு தமிழ்க் குழு கொழும்பில் இருந்தால் அவர்கள் அதையே செய்யட்டும்.

ஏன் மேசை

ஓர் ஒத்திகைப் பதிவில் நான் மைக் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கொழும்புக்கு வந்த புதிதில் காலி வீதியில் 101 பஸ்ஸில் போன கதையைத் தொடங்கினார். "இறங்கிறதெண்டால் பெரிய பாடு. 'பஹினவா' எண்டு வாய் வராது. ஆரும் இறங்குறவரைக்கும் பாத்துக்கொண்டிருந்து, அவையளோட சேர்ந்து இறங்கி, மிச்சத்துக்கு நடப்பன்." எல்லோரும் சிரித்தார்கள். இது மேடையில் அவர் முன்னரும் சொன்ன கதைதான்.

பக்கத்தில் ஹட்டனில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி இருந்தார். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "எங்களுக்கு பஸ்ஸுல ஒரு கஷ்டமும் இல்லண்ணே. யாழ்ப்பாணம் வந்தாத்தான் கஷ்டம். கடையில வாயத் தொறந்தவுடனே 'தம்பி இந்தியாவோ'ன்னு கேக்குறாங்க." மறுபடி சிரிப்பு, ஆனால் இந்த முறை யாழ்ப்பாணத்து அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்போது காத்தான்குடியிலிருந்து வந்த ஒருவர் மெல்லச் சொன்னார்: "உங்கிட்டயாவது ஊரைத்தான் கேட்டாங்க தம்பி. எனக்குச் சொல்றது, நீங்க தமிழ் நல்லாக் கதைக்கிறீங்களே எண்டு."

மூவருக்கும் தாய்மொழி தமிழ். மூன்று பேரும் ஒரே மேசையில். முதலாவது கதை தனியாக இருந்தால் அது வெறும் பஸ் பகிடி. மூன்றும் சேர்ந்தபோது அது இந்த நாட்டில் தமிழ் பேசுகிறவர்களைப் பற்றிய ஒன்றாக மாறியது. யாரும் உரை நிகழ்த்தவில்லை, யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் அப்பிடிக் கேட்டிருக்கிறன், தெரியுமே" என்றார். அதற்குப் பிறகு வந்த சிரிப்புத்தான் அன்றைய பதிவிலேயே மிகப் பெரியது. இதை ஒரு பட்டிமண்டபத்தில் எழுதிவைத்துப் பேசியிருந்தால் நல்லிணக்கச் சொற்பொழிவாகியிருக்கும். இருவர் நேர்காணலில் இது வந்தே இருக்காது.

இதனால்தான் நான் மேசையைச் சொல்கிறேன். நமக்கு இதில் ஒரு முன்னோடியும் உண்டு. இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதி ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரில் மரிக்கார் முஸ்லிம்களின் தமிழிலும், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழிலும், உபாலி சிங்கள வாடையடிக்கிற தமிழிலும், ஐயர் தன் பாணியிலும் பேசுவார்கள். அது அவ்வளவு பிரபலமாகி 1976இல் திரைப்படமாகவும் வந்தது. அது எழுதி நடித்தது, இது எழுதாதது, வேறுபாடு பெரியது. ஆனால் நாலு வகைத் தமிழ் ஒரே இடத்தில் மோதும்போது இந்தத் தீவு முழுவதும் கேட்கும் என்பதை அவர்கள் அப்போதே காட்டிவிட்டார்கள். அன்று ஒரு முஸ்லிம் பாத்திரத்தை இன்னொருவர் நடிக்க வேண்டியிருந்தது. இன்று அவரவரே வந்து உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்லலாம்.

ஆகவே ஆட்தெரிவில்தான் பாதி வேலை. ஒரே பாடசாலையில் படித்த, ஒரே வட்சப் குழுவில் இருக்கிற நாலு பேரை இருத்தினால் அவர்களுக்குள் எல்லாக் கதையும் ஏற்கெனவே தெரியும். "அந்தக் கதையைச் சொல்லு மச்சான்" என்று ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் முடிவு வருமுன்பே சிரிப்பார்கள், பார்க்கிறவர் வெளியாளாகிவிடுவார். இருவர் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்களாகவும், இருவர் புதியவர்களாகவும் இருப்பது நல்ல கலவை. வயதிலும் வித்தியாசம் வேண்டும். பழைய வானொலி நாடகக்காரர் ஒருவரை ஒரு மேசைக்காவது கட்டாயம் கூப்பிடுங்கள். அவரை எல்லோரும் "ஐயா" என்று கூப்பிட்டு அடங்கிப்போகாமல் பார்ப்பது தொகுப்பாளரின் பொறுப்பு.

நாலு பேரும் ஆண்களாக இருக்கிற மேசையை நான் பதிவு செய்யவே மாட்டேன் என்று ஒரு குழுவிடம் சொன்னேன். பெண்கள் வரமாட்டேன் என்கிறார்கள் என்றார்கள். பதிவை இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் யார் வருவார்கள்? பதினொரு மணிக்கு முடித்து வத்தளைக்கோ மட்டக்குளிக்கோ தனியாகப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தார்கள், வந்தார்கள். ஒரு பெண்ணை மட்டும் அழைத்து, அவரைப் "பெண்கள் பார்வை" சொல்ல வைக்கிற வழக்கமும் வேண்டாம். இருவராக இருந்தால் அந்தப் பாரம் தானாக இறங்கிவிடும்.

தொகுப்பாளர் யார் என்பது அடுத்தது. குழுவில் மிகச் சிரிப்பு மூட்டுகிறவரைத்தான் எல்லோரும் தொகுப்பாளராக்க நினைக்கிறார்கள். அவரை விருந்தினராக இருத்துங்கள். தொகுப்பாளருக்கு வேண்டியது நிதானம். நான் மேலே சொன்ன அந்தக் காத்தான்குடிக்காரர் பேசி முடித்ததும் ஒரு மௌனம் வந்ததே, அதைப் பகிடி ஒன்றால் மூடாமல் விட்டவர் தொகுப்பாளர்தான். வேறொருவராக இருந்தால் பயந்து "சரி சரி, அடுத்து" என்று போயிருப்பார். விருந்தினர்களோடு ஒரு வாரம் முன்பு தனித்தனியாகத் தொலைபேசியில் கதைத்து, அவரவரிடம் என்ன கதை இருக்கிறது என்று மட்டும் அறிந்து வைத்தால் போதும். முழுக்கச் சொல்ல விடக் கூடாது. ஒருமுறை சொன்ன கதை மேசைக்கு வரும்போது ஆறிப்போயிருக்கும்.

இடம், சத்தம், சட்டம்

கொழும்பில் மேசை நிகழ்ச்சிக்குப் பெரிய எதிரி சத்தம். மரைன் டிரைவ் பக்கம் கடல் தெரிகிற மாடி வீடு யாராவது தருவதாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். கரையோர ரயில் ஒவ்வொரு முறையும் கூவிக்கொண்டு போகும், ஒரு கதையின் உச்சத்தில்தான் அது வரும். காலி வீதியை ஒட்டியும் வேண்டாம், மாலை ஆறு மணிக்குப் பிறகு கொத்துரொட்டி போடுகிற சத்தம் எந்த ஜன்னலையும் தாண்டி வரும். வீதியிலிருந்து உள்ளே, ஹவ்லொக் வீதிப் பக்கமாக ஒழுங்கைக்குள் இருக்கிற ஒரு வீட்டின் பின் அறை பத்து மடங்கு நல்லது. தரையில் பாய், ஜன்னலில் தடித்த திரை. ஏசியை நிறுத்தினால் இருபது நிமிடத்தில் எல்லோருக்கும் வியர்க்கும், நிறுத்தாவிட்டால் பதிவு முழுக்க ஒரு இரைச்சல் இருக்கும். முன்கூட்டியே அறையை நன்றாகக் குளிரவைத்து, நிறுத்தி, இருபத்தைந்து நிமிடம் எடுத்து, இடைவேளையில் திரும்பப் போடுவதுதான் நடைமுறை.

ஐந்து பேருக்கும் ஐந்து மைக், ஒவ்வொன்றும் தனித்தனிப் பாதையில் பதிவாக வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மேசை நடுவில் ஒரு மைக் வைத்து எடுத்தால், ஒருவர் பேசும்போது மூவர் சிரிக்கிற இடங்களில் சொல் முழுக்கத் தொலைந்துவிடும், பிறகு எந்த எடிட்டிங்கும் அதை மீட்காது. மேசைக்கு மேல் ஒரு தடித்த துணி விரியுங்கள். பிளேன்டீ குடித்துவிட்டுக் கண்ணாடிக் கோப்பையை வைக்கிற அந்த 'டொக்' சத்தம் ஐந்து மைக்கிலும் விழும். அதே காரணத்தால் சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். ரோல்ஸும் வடையும் இடைவேளைக்கு. கமராவுக்கு வட்ட மேசை கொஞ்சம் சிரமம், எதிரெதிர்க் கமராக்கள் ஒன்றையொன்று காட்டிவிடும். மேசையை வட்டமாக வைத்து, ஆட்களை முக்கால் வட்டத்தில் இருத்தி, திறந்த பக்கத்தில் மூன்று கமரா வைத்தால் சமாளிக்கலாம். சபை வேண்டுமென்றால் இருபது பேர் போதும், அதுவும் தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள். அதிகமானால் ஆட்கள் மேசையை விட்டுவிட்டுச் சபைக்குப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

நேரலையாகப் போகலாமா என்று கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். பிரித்தானியாவின் 'சனல் 4' 1987இல் தொடங்கிய 'ஆஃப்டர் டார்க்' முடிவு நேரமே இல்லாத நேரலை உரையாடல், அது பேச்சுக்குக் கொடுத்த சுதந்திரம் அபாரம். அதே நிகழ்ச்சியில்தான் 1991இல் நடிகர் ஒலிவர் றீட் குடிபோதையில் வந்து எல்லோருக்கும் தலையிடியானார். அங்கே அது ஒரு பழைய கதையாகிவிட்டது. இங்கே விளைவு வேறு. 2023 மே மாதத்தில் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய மேடையில் சொன்ன சில சொற்களின் காணொளி பரவி, மதத்தை அவமதித்ததாகக் கைது செய்யப்பட்டு, ஒரு மாதத்துக்கும் மேலாக விளக்கமறியலில் இருந்த பிறகே பிணையில் வந்தார். குடியியல், அரசியல் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்று 2007இல் வந்த ஐசிசிபிஆர் சட்டமே அவருக்கு எதிராகப் பயன்பட்டது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்திருக்கிறது. சிறுபான்மை மொழியில் கதைக்கிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். எல்லாப் பகிடியையும் மென்று விழுங்கச் சொல்லவில்லை. பதிவு செய்யுங்கள், இரண்டு நாள் கழித்து வேறொரு கண்ணால் பாருங்கள், விருந்தினருக்கும் வெளியிட முன் காட்டுங்கள். "இதை எடுத்துவிடுங்கோ" என்று அவர் சொன்னால் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுங்கள். அந்த உறுதி இருந்தால்தான் மேசையில் மனம் விட்டுக் கதைப்பார்கள்.

வெட்டிய துண்டுகளைப் போடும்போது முழுப் பகுதியையும் முதலில் போட்டுவிடுங்கள். துண்டுக்குள் முன்னும் பின்னும் ஒரு வசனமாவது இருக்கட்டும். "தம்பி இந்தியாவோ" என்கிற வரியை மட்டும் தனியாக வெட்டிப் போட்டால் அது ஓர் ஊர்ச் சண்டையைத் தொடங்கிவைக்கும். அடுத்த இரண்டு வரியோடு சேர்த்துப் போட்டால் வேறு ஒன்று.

இவ்வளவு சொன்ன பிறகும், எல்லாக் குழுவும் மேசைக்கு ஓட வேண்டும் என்பதில்லை. கேட்கத் தெரிந்த தொகுப்பாளர் ஒருவர் இன்னும் அகப்படவில்லை என்றால், அவர் கிடைக்கும்வரை இருவர் நேர்காணலில் தொடங்கலாம். அதுவே தொகுப்பாளருக்குப் பயிற்சி. மண்டபமும் சபையும் ஏற்கெனவே கையில் இருக்கிற சங்கங்கள் பட்டிமண்டபத்தை விட வேண்டியதில்லை. தங்கள் பேச்சாளர்களில் நால்வரை மாதத்தில் ஒருநாள் அணி பிரிக்காமல், தலைப்புக் கொடுக்காமல் ஒரு மேசையில் இருத்திப் பார்க்கட்டும். மணியை மட்டும் அன்று அலுமாரியில் பூட்டிவிடுங்கள்.